சபாநாயகர் மேசைக்கடியில் போன கதை

ஊரில் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார் மைக்செட்காரர். ஆளுங்கட்சிக் கூட்டம் என்றாலும் அவர்தான், மறுநாள் அதே இடத்தில் அவர்களைக் கிழிகிழியென்று கிழிக்கும் கூட்டம் என்றாலும் அவர்தான். மேடையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒருவரை ஒருவர் திட்டியவர்கள்கூட இறங்கி வந்ததும் அவரிடம்தான், "எப்படிப் பேசினேன்?" என்று கேட்பார்கள். "கடைசி வரிசை வரைக்கும் சத்தம் கேட்டுச்சுங்க" என்பார் அவர். அது பாராட்டுதானா என்று யோசித்துக்கொண்டே அவர்கள் காரில் ஏறிப்போவார்கள்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பேச்சாளர் அறுக்க ஆரம்பித்தால் யாருக்கும் தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுவார். ஆள் அறுக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க அவர் கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பார். முகத்தை மரியாதைக்காக அசையாமல் வைத்துக்கொள்கிறவன்கூடக் காலை ஆட்ட ஆரம்பித்துவிடுவான். கால்கள் ஆடத் தொடங்கியதும் இவர் கை குமிழுக்குப் போகும். பேசுகிறவர் தன் தொண்டைதான் கட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடிப்பார், கனைப்பார், கடைசியில் "நேரமின்மை காரணமாக" என்று முடித்துவிடுவார். என்னைக் கேட்டால் ஊருக்கு அவர் செய்த முதல் மக்கள் தொண்டு அதுதான்.

இந்த வேலை பலிக்காத ஒரே ஆள் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எதிர்க்கட்சியில் இருந்தவர். மைக்கைக் கண்டால் அவருக்கு என்ன ஆகுமோ, அதைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து உதட்டில் ஒட்டிக்கொள்வார். குரலை ஏற்றி, எங்கேயோ படித்த பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து வீசுவார். ஸ்பீக்கர் வீல் என்று கத்தும், கூட்டத்தில் குழந்தைகள் அழும். மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்தால் அந்த அம்மா உடனே திரும்பி மைக்கிலேயே, "யாருகிட்ட எவ்வளவு வாங்கினே? சத்தத்தை ஏத்துப்பா" என்பார். இப்படி இருபது வருஷப் பகை. அந்த அம்மாவைப் பொறுத்தவரை மைக்செட்காரர் தன் அரசியல் வாழ்க்கையைக் கெடுப்பதற்கென்றே பிறந்து வந்த ஆள்.

மைக்செட்காரர் அரசியலுக்கு வந்தது அவராக வந்ததில்லை. ஒரு குட்டிக் கட்சியின் வேட்பாளர் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம். ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். கட்சிச் செயலாளர் ஓடிவந்து, "எதையாவது பேசி நிறுத்தி வைங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மைக்செட்காரருக்குக் கட்சியின் கொள்கை தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். நீலச் சட்டை போட்டவர் சைக்கிளை வழியில் நிறுத்தியிருக்கிறார், எடுங்கள். மூன்றாவது வரிசையில் இருக்கும் பெரியவர் தூங்குகிறார், பக்கத்தில் இருப்பவர் தோளைக் கொஞ்சம் கொடுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சியில் சொன்னேன், மனுக் கொடுக்கச் சொன்னார்கள், இருட்டில் எழுதினால் எழுத்து தெரியவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, ஒரு கால்கூட ஆடவில்லை. வேட்பாளர் வந்து மைக்கைப் பிடித்ததும் ஜனங்கள், "அவரையே பேசச் சொல்லுங்க" என்றார்கள்.

அடுத்த தேர்தலில் வார்டுக்கு அவரையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். நகராட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டதில், இரண்டு கோஷ்டிக்கும் மைக் போட்ட ஆள் என்று இவரை உட்கார வைத்தார்கள். மாகாண சபைக்கு நிற்க வேண்டியவர் பிரச்சார வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் இவர் நின்றார். நாடாளுமன்றத்துக்கு யாரும் நிற்க விரும்பவில்லை, அதனால் நின்றார், ஜெயித்தார். எங்கே போனாலும் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்துவிடுவார். அரசியலில் சுருக்கமாகப் பேசுகிறவனுக்கு எதிரியே கிடையாது.

அந்த வருஷம் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பிரதமர் குட்டிக் கட்சிகளையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு ஆட்சி அமைத்தார். மைக்செட்காரர் கட்சியில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள். மந்திரி பதவிகள் பந்தியில் தீர்ந்துபோய், மிச்சமிருந்தது சபாநாயகர் பதவி. அதைத் தூக்கி இவர் தலையில் கட்டினார்கள்.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னார்.

"அங்க என்ன வேலை?" என்றாள் மனைவி. ஊரில் மைக்செட் கடையை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்களைப் பேசச் சொல்லணும். அப்புறம் உட்காரச் சொல்லணும்."

"நீங்க பேச வேணாமா?"

"சபாநாயகர் மசோதாவைப் பத்திப் பேசக் கூடாதாம்."

"இங்க பண்ணின அதே வேலைதான்" என்றாள் அவள். "சாப்பாடு மட்டும் ஒழுங்காப் போடுவாங்களான்னு கேட்டுக்கங்க."

முதல் நாள் சபையில் அந்த உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே மைக்கைக் கண்டதும் கை தானாகப் போய் இரண்டு தட்டுத் தட்டியது. வாய் தானாக ஊதியது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார் சபாநாயகர். பிரதமர் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்க்கட்சி வரிசையில், பக்கத்துத் தொகுதியில் ஜெயித்து முதல் தடவையாக வந்திருந்த டீச்சரம்மா, இது தன்னைப் பயமுறுத்தத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

தலைநகரத்தில் அவருக்கு ஒரு பெரிய பங்களா கொடுத்தார்கள். எத்தனை அறைகள் என்று அவருக்கே தெரியாது, ஒரு தடவை குளியலறையைத் தேடிப் போய்த் துணி அலமாரிக்குள் நின்றார். சமையற்காரர், தோட்டக்காரர், காவலர் எல்லோரும் இருந்தும் பேச ஆள் இல்லை. வாரம் பூராவும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் காது புளித்து வீட்டுக்கு வந்தால், சுவர்க் கடிகாரம் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலையில் மனைவி ரயிலில் வந்து இறங்கினால்தான் அது வீடு. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் வாந்தி. காரும் அப்படித்தான். விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே தலை சுற்றுகிறது என்பாள். ஊரிலிருந்து தலைநகருக்கு ஒரே ஒரு ரயில், அதுவும் ஆடி அசைந்து, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு வரும் ரயில். அவள் அதில்தான் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஊர்க்கதையை ஆரம்பிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். ஒரு தடவைகூட அவர் கால் ஆடியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. நஷ்டத்தில் ஓடும் ரயில் பாதைகளையெல்லாம் மூடிவிடுவது. எந்தெந்தப் பாதைகள் என்று சபையில் வாசிக்க வேண்டியது சபாநாயகர். கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். அவர் ஊர்ப் பாதை. தண்ணீர் குடித்தார், கனைத்தார், வாசித்தார்.

அந்தப் பாதை போனால் ஊர்ச் சந்தைக்குக் காய்கறி வராது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போக முடியாது, நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. அவருடைய சனிக்கிழமையும் போய்விடும். இதில் எது தன்னை அதிகமாக அழுத்துகிறது என்று அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. எடுத்துப் பேசலாம் என்றால் சபையில் வாய் திறக்கக் கூடாத ஒரே ஆள் அவர்தான். வாழ்நாள் பூராவும் ஊருக்கே மைக் கொடுத்தவருக்கு, தனக்கு வேண்டிய அன்றைக்கு மைக் இல்லை.

அந்தப் பக்கத்து உறுப்பினர் என்று சபையில் இன்னும் ஒரே ஒருத்தர் இருந்தார். மைக்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சரம்மாவின் குடியிருப்புக்குப் போனார். மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்த டீச்சரம்மா உள்ளே கூப்பிடவில்லை.

"நம்ம ரயிலை மட்டும் மசோதாலேருந்து எடுக்கணும்னு நீங்க ஒரு திருத்தம் கொண்டு வரணும்" என்றார் அவர் வாசலில் நின்றபடியே. "நான் கேட்டேன்னு தெரியக் கூடாது."

"நான் பேசுவேன். நீ மைக்கை அணைப்பே. இருபது வருஷமா அதைத்தானே பண்றே?"

"அஞ்சு நிமிஷம் ஒவ்வொருத்தருக்கும் விதி..."

"அணைக்க மாட்டேன்னு சொல்லு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவர் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், அந்த அம்மா பிடித்துக்கொண்டார். ரயிலில் வந்து படித்த பிள்ளைகள், ரயிலில் வந்த மருந்து, ரயில் நின்றுபோன வெள்ளக் காலத்தில் ஊர் பட்ட பாடு, இதையெல்லாம் மறந்துவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜென்மம் என்று அவரை வாசலில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் தலைகுனிந்து நின்றார். குனிந்த கண்ணுக்கு எதிர் வீட்டு வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. மாடிப்படியில் இன்னும் நாலைந்து ஜோடிக் கால்கள். கைப்பிடிச் சந்து வழியே, மூன்று மாடிக்குக் கீழே, காவலாளி பூட்ஸோடு விறைத்து நின்றுகொண்டிருந்தான். ஒரு காலும் அசையவில்லை.

மறுநாள் பிரதமர் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சரம்மாவின் திருத்தம் அவர் மேசையில் இருந்தது.

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி தாண்டினாலும் மைக்கை அணைச்சிடணும். உங்க பழைய தொழில்தானே, மறந்திருக்காது."

"சரிங்க."

"உங்க கட்சியில உங்களைத் தவிர இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் உங்க நாற்காலி மேல ஒரு கண்ணு."

"தெரியுங்க" என்றார் அவர்.

விவாத நாள். டீச்சரம்மா எழுந்தார். மேசை மைக்கைக் கண்டதும் அதே பழைய கதை. கழுத்தைப் பிடித்து இழுத்து உதட்டில் ஒட்டிக்கொண்டார். "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, வரலாற்றின் வைர வரிகளிலே..." என்று ஆரம்பித்தார். மைக் வீலென்றது. ஆளுங்கட்சி வரிசையில் சிரித்தார்கள். அந்த அம்மாவின் கட்சியிலேயே இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். எதிரே வரிசைகள் படிப்படியாக ஏறிப் போனதால் மேசைகளுக்குக் கீழே எல்லாக் கால்களும் சபாநாயகருக்குத் தெரிந்தன. சபை முழுக்கக் கால்கள் ஆடின. ஒருவர் செருப்பைக் கழற்றிச் சொறிந்துகொண்டிருந்தார். நாலு நிமிஷத்தில் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. சபாநாயகரின் கண்ணெதிரே அவர் ஊர் ரயில் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷம் ஆனது. பிரதமர் நிமிர்ந்து பார்த்துக் கையை மேசையில் தட்டினார்.

அப்போதுதான் மைக்செட்காரருக்கு மாடிப்படியில் பார்த்த கால்கள் மனத்தில் வந்தன. அங்கே மைக் ஏது? இருபது வருஷமாகச் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேனே, ஒரு தடவையாவது முழுக்க அணைத்துப் பார்த்தேனா என்று நினைத்தார். மைக்கைக் கொடுத்தால் மேடைப் பேச்சாளராகிவிடுகிற அந்த அம்மா, மைக் இல்லாவிட்டால் வெறும் டீச்சர். முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டிய தொண்டை அது.

பட்டனை அமுக்கினார். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. பிரதமர் திருப்தியாகத் தலையாட்டினார்.

டீச்சரம்மா ஒரு நொடி மைக்கைப் பார்த்தார். பிறகு சபாநாயகரைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை மேசையில் அறைந்துவிட்டு, "அணைச்சிட்டியா? அணைச்சுக்கோ. எனக்கு இது தேவையில்ல" என்றார். சபையின் கடைசி மூலை வரைக்கும் அது கேட்டது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. "அங்க யாரு செருப்பைக் கழட்டினது? மாட்டு" என்றார். அந்த மாண்புமிகு உறுப்பினர் மாட்டிக்கொண்டார். அப்புறம் அந்த அம்மா வீட்டு வாசலில் திட்டினாரே, அதையே சபைக்குச் சொன்னார். வைரமும் இல்லை, வரலாறும் இல்லை. தன் மாணவி ஒருத்தி பிரசவ வலியோடு அந்த ரயிலில் போனதையும், வழியில் எல்லா ஸ்டேஷனையும் விட்டுவிட்டு ஓட்டுநர் ஓட்டியதையும், இப்போது அந்தப் பிள்ளை அதே ரயிலில் பள்ளிக்கூடம் போவதையும் சொன்னார்.

இப்போது சபாநாயகர் அவரை உட்காரச் சொல்ல வேண்டும், விதி அப்படி. பிரதமர் சைகை காட்டினார். பிறகு எழுந்தே நின்றார். மைக்செட்காரர் தன் மைக்கைத் தட்டினார், காதைக் காட்டினார், கேட்கவில்லை என்று கையை விரித்தார். பிறகு நாட்டின் மாண்புமிகு சபாநாயகர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, ஒயர் பார்க்க மேசைக்கடியில் போய்விட்டார். தொலைக்காட்சியில் நாடு முழுக்க அவருடைய முதுகுப்புறம் மட்டும் தெரிந்தது. ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக அவரே அதைப் பிடுங்கி விட்டார். பிறகு அங்கேயே கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு கால்கூட ஆடவில்லை. பிரதமருடைய கால்களும்தான்.

டீச்சரம்மா பேசி முடித்து உட்கார்ந்த பிறகே ஒயர் சரியாயிற்று. ஓட்டெடுப்பில் ஆளுங்கட்சியிலேயே சில பேர் மாற்றிப் போட்டார்கள். பாதை தப்பியது.

பிரதமர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார், "அந்தம்மாவை ஏன் உட்காரச் சொல்லல?"

"என் மைக்கும் போயிடுச்சுங்களே. நீங்க அணைக்கச் சொன்னதை உடனே அணைச்சிட்டேன்."

பிரதமருக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. சொன்னதைச் செய்த ஆளை எதற்காகத் திட்டுவது?

ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. நம் ரயிலுக்காகப் பேசிய அம்மாவின் மைக்கை நம் ஊர்க்காரனே அணைத்துவிட்டு, பயந்துபோய் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான். டீச்சரம்மா கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். தன் வாசலுக்கு வந்து திருத்தம் கேட்டதை மட்டும், கேட்டவர் சொன்னபடியே, வெளியே விடவில்லை. இத்தனை வருஷம் மைக்செட் என்று கூப்பிட்ட ஊர், மேசைக்கடி என்று கூப்பிட ஆரம்பித்தது. கடை வாசலில் சின்னப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்து விளையாடினார்கள்.

நடந்ததை அவர் மனைவியிடம் மட்டும் அந்தச் சனிக்கிழமையே சொல்லியிருந்தார்.

"வெளிய சொல்லுங்களேன். எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு" என்றாள் அவள்.

"சபாநாயகர் ஒரு பக்கமா வேலை பார்த்தார்னு தெரிஞ்சா அந்த ஓட்டெடுப்பே செல்லாதுன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. ரயில் போயிடும்."

"எத்தனை நாளைக்குச் சொல்லாம இருக்கிறது?"

"ரயில் ஓடுற வரைக்கும்" என்றார்.

அடுத்த தேர்தலில் டீச்சரம்மா அவர் தொகுதிக்கே வந்து நின்றார். எந்தக் கூட்டத்திலும் மைக் வைத்துக்கொள்ளவில்லை. மைக்செட்காரர் டெபாசிட்டோடு தப்பினார் என்பதே பெரிய விஷயம். வாக்குச் சாவடியிலிருந்து திரும்பும்போது மனைவி கேட்டாள், "நீங்க யாருக்குப் போட்டீங்க?" அவர் விரல் மையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "நான் உங்களுக்குத்தான் போட்டேன்" என்றாள் அவள், "மனசே இல்லாம."

பங்களாவைக் காலி செய்ய இரண்டு பேரும் தலைநகருக்குப் போனார்கள். சாமான் இரண்டு பெட்டிக்கு மேல் இல்லை. திரும்பும்போது ரயிலில் கால்வைக்க இடமில்லை. மனைவிக்கு மட்டும் ஜன்னலோரம் கொஞ்சம் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

எதிர் சீட்டில் வெங்காய மூட்டையைக் காலுக்கடியில் வைத்திருந்த வியாபாரி ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ரயில் இன்னைக்கு ஓடுதுன்னா அந்தம்மாவாலதான். உங்களை நம்பியிருந்தா நாங்க நடந்துதான் போயிருக்கணும்."

மனைவி வாயைத் திறந்தாள். அவர் அவள் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"ஆமாங்க" என்றார். "அன்னைக்கு அந்தம்மா ரொம்ப நல்லாப் பேசினாங்க. நான் கீழ உட்கார்ந்து முழுசாக் கேட்டேன்."

பெட்டியே சிரித்தது. வியாபாரியும் சிரித்துவிட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தன் உடம்பைச் சுருக்கி, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் நெட்டித் தள்ளி, ஒரு சாண் இடம் உண்டாக்கி, "வந்து உட்காருங்க" என்றாள். அவர் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். ரயில் அடுத்த ஸ்டேஷனில் நின்றது. இறங்க ஒருவரும் இல்லை, ஏறத்தான் ஒரு பெரிய கும்பல் நின்றுகொண்டிருந்தது.